சுண்டுவிரல் அளவு நகர்ந்த கப்பி

10.3.2003 திங்கள்

விடிய ஐந்துக்கே வெக்கை. வாடைக்காற்று விட்டுப்போய்விட்டது, அடுத்த காற்று இன்னும் வரவில்லை. கிணற்றில் தண்ணீர் ஒரு படி கீழே.

சூசையப்பர் நவநாள் இன்று தொடக்கம். வேண்டுதல் கருத்து: காரும் கையும்.

இந்தக் கொப்பியின் முன்பக்கம் வீட்டுக் கணக்கு. இதைப் பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஒருவருக்கும் காட்ட அல்ல.

வேலை: காருக்குப் புதுக் கிராங் கப்பி பூட்டுவது. இஞ்சினின் முன்மூக்கில் இருந்து சுற்றுகிற கப்பி. அதிலிருந்துதான் பெல்ற் போய் விசிறியையும் டைனமோவையும் சுற்றும். பழையது ஆடி ஆடி மார்கழிக்குப் பிறகு மூன்று பெல்ற் தின்றுவிட்டது. கொழும்பிலிருக்கும் தம்பி அன்ரனுக்குச் சொல்லி, புதுக் கப்பியும் அதோடு பூட்டுகிற சின்னச் சாமான்களும் ஒரு பெல்ற்றும் போன மாதக் கடைசியில் வந்து சேர்ந்தன. இன்றுவரை கட்டிலுக்குக் கீழே, பேப்பர் சுற்றியபடி.

பூட்ட வேண்டியவர் இவர், என் மனிசன். பெப்ரவரி 8 சனி காலை கார் ஸ்ரார்ட் பண்ணும்போது, முன்னால் கொளுவிச் சுற்றுகிற இரும்பு ஹான்டில் திருப்பி அடித்து இவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. வரும் 20ஆம் திகதி வியாழன் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பிளாஸ்ரர் வெட்டுகிறார்கள். முப்பது வருடம் இந்தத் தீவு ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன மனிதர், அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போகக்கூடாது. தன் காரில் போக வேண்டும். பத்து நாள் இருக்கிறது.

மற்றது. அன்று சீற்றில் இருந்தது நான். பற்றறி பழசு, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும், இஞ்சினைச் சுற்றக் காணாது. அதனால் எப்போதும் இவர் முன்னால் நின்று ஹான்டில் சுற்றுவார், "போடும்" என்பார், நான் சுவிச்சைப் போடுவேன். அன்றும் அப்படித்தான். மூன்றாம் நாள் கோயில் வாசலில் திறேசா மச்சாள் (இவருடைய அக்கா, பக்கத்து வளவு) நாலு பேருக்குச் சொன்னது எனக்கும் கேட்டது. "அவள், தம்பி சொல்ல முன்னம் சுவிச்சைப் போட்டிட்டாள். அவன்ரை கை போச்சு."

இவர் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. அவர்களிடம் இல்லையென்றும் சொல்லவில்லை.

முந்திப் போட்டேனா, பிந்திப் போட்டேனா? முதல் கிழமை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை. கண்ணை மூடினால் இரண்டு விதமாகவும் வருகிறது.

11.3 செவ்வாய்

வெக்கை. முருங்கைக்காய் ஒன்பது. மூன்று மச்சாளுக்கு. வாங்கினா, பேசவில்லை.

காருடைய புத்தகம் எடுத்தேன். இங்கிலீசு. முதல் வைத்திருந்தவர் காலத்தது, பாதி ஒயில் கறை. அகராதியோடு ஒன்றரைப் பக்கத்துக்கு இரண்டு மணித்தியாலம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் படத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள், அது எந்தப் பாசையும் இல்லை. எனக்கு விளங்கியது:

— றேடியேற்றர் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கை போகாது.
— கப்பியைப் பிடித்திருப்பது ஒரு பெரிய நட். அதன் முகத்தில் பல் இருக்கும், அந்தப் பல்லில்தான் ஹான்டில் கொளுவும். நட்டுக்குக் கீழே பூட்டு வாசர், காது மடித்தது.
— கிராங்குக்கும் கப்பிக்கும் நடுவில் ஒரு கீ. அரைநிலா வடிவ இரும்புத் துண்டு. கப்பி தன்பாட்டில் திரும்பாமல் பிடிப்பது அதுதான்.
— சுத்தியலால் அடித்து ஏற்றக்கூடாது. இந்த வரிக்குக் கீழே கோடும் போட்டிருக்கிறது.

பின்னேரம் புளியங்கூடல் தங்கராசா அண்ணை வந்தார். கராச்சில் வேலை செய்தவர், நல்ல மனிதர், கை கொஞ்சம் கனம். புதுக் கப்பியைத் தூக்கிப் பார்த்தார். கொம்பனிச் சாமான் இல்லை, இந்தியாவில் வார்த்தது, அங்கே ஓடுகிற ஒரு காருக்கும் எங்கள் ஒஸ்ரின் காருக்கும் இஞ்சின் ஒரே சாதி என்றார். அதுவரை சரி.

"தங்கச்சி, நாலு அடி போட்டா ஏறியிடும். உதுக்கு என்னத்துக்குப் புத்தகம்?"

அடிக்கக் கூடாதென்று எழுதியிருக்கிறது, வார்ப்பு வெடிக்கும், கிராங்கும் பின்னால் அடிபடும் என்றேன்.

"அப்ப தடவியோ ஏத்தப் போறியள்?"

"ஓம் அண்ணை. தடவித்தான்."

சிரித்தார். இவர் கதிரையில் மறுபக்கம் பார்த்தபடி இருந்தார். காரை இரும்புக்குக் கொடுப்பம் என்று மட்டும் ஒருக்கால் சொன்னார், ஒருவருக்கும் சொல்லாத மாதிரி.

ஸ்பனர், நீளக் குழாய் இரண்டும் த. அண்ணை விட்டுவிட்டுப் போனார். பெரிய உதவி.

12.3 புதன்

காலை பூசை. பிறகு பழைய சட்டை, தலைக்குத் துவாய்.

றேடியேற்றர் தண்ணீர் வாளியில் இறக்கினேன், கறுப்பு. கழற்றிய ஆணிகளை அஞ்சறைப் பெட்டியில் போட்டேன், கழற்றிய ஒழுங்கில். கடுகு இருந்த கிண்ணத்தில் றேடியேற்றர் ஆணி, சீரகக் கிண்ணத்தில் டைனமோ ஆணி. கடுகும் சீரகமும் இப்போது ஒரு போத்தலுக்குள். பிறகு பிரிக்கலாம்.

நட். கிராங் சுற்றாமல் இருக்க காரை ரொப் கியரில் போட்டு நாலு சில்லுக்கும் கல் வைத்தேன். வாசர் காதைத் தட்டி நிமிர்த்தி, ஸ்பனரில் குழாயைப் போட்டு என் முழுப் பாரத்தையும் கொடுத்தேன். அருள் நிறைந்த மரியே மூன்று. மூன்றாவதில் விட்டது. முழங்கை றேடியேற்றர் சட்டத்தில் உரசிச் சின்னக் காயம்.

இனித்தான் விசயம். கப்பியை இரண்டு பக்கமும் நெம்பி, நோகாமல், சமமாக இழுக்க வேண்டும் என்று புத்தகம். இரண்டு ரயர் நெம்புகோல் எடுத்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. கையோடு வந்தது. மூடியைத் திறக்கிற மாதிரி.

அப்படி வரக்கூடாது.

கீ கப்பியின் பொந்துக்குள் கிடந்தது. அரைநிலா இல்லை. இரண்டு பக்கமும் தேய்ந்து, சூப்பின புளியங்கொட்டை மாதிரி. கப்பியில் அது இருக்கிற வெட்டும் இரண்டு பக்கமும் தின்று அகன்றுபோயிருக்கிறது. புதுக் கீயை அதில் வைத்தால் இன்னொரு கீ பக்கத்தில் வைக்கலாம்.

எழும்பி நின்றேன். ஏன் என்று தெரியவில்லை, சுவிச் இருக்கிற பக்கம் பார்த்தேன்.

13.3 வியாழன்

கிராங் மூக்கு துப்புரவு. மண்ணெண்ணெய், பழைய சேலைத் துண்டு, பிறகு நைஸ் அரத்தாள். அவசரப்படவில்லை. கிராங்கில் கீ இருக்கிற குழி நல்லாக இருக்கிறது, ஒரு ஓரம் மட்டும் சின்னச் சொறி. அரத்தால் மூன்று இழுவை, அதற்கு மேல் இல்லை. புதுக் கீயை மரக்கட்டை வைத்துத் தட்ட இறுக்கமாக உட்கார்ந்தது. விரலால் அசைத்தேன், அசையவில்லை. கடவுளுக்குத் தோத்திரம். கிராங் கெட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

புதுக் கப்பியும் பழைய கப்பியும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது:

அகலம் — சரி.
கழுத்து நீளம் — சரி.
பெல்ற் குழி — சரி, புதுசு ஆழம்.
உள்பொந்து — பெயின்ற் வழிந்து போயிருக்கிறது. சுரண்ட வேண்டும்.
விளிம்பில் வெட்டு — இரண்டிலும் ஒன்று. இடம் சரியோ தெரியாது.
நட் — அனுப்பியது வெறும் நட், பல் இல்லை. ஹான்டில் கொளுவாது.

த. அண்ணை வந்து பார்த்துவிட்டு வெறும் நட்டே போதும், இந்தக் காலத்தில் ஆர் ஹான்டில் சுற்றுகிறார்கள், தள்ளி ஸ்ரார்ட் பண்ணலாம் என்றார். தள்ள ஆர்? மச்சாளும் நானுமா? பழைய பல் நட் தோய்த்துக் கழுவி வைத்தேன். புரி நல்லது. அதைத்தான் பூட்டுவேன்.

இவர் ஹான்டில் என்ற சொல் கேட்டதும் எழும்பி உள்ளே போய்விட்டார்.

அந்த விளிம்பு வெட்டைப் பற்றி யோசித்தபடி சமைத்தேன். குழம்புக்கு உப்பு இரண்டு தரம்.

14.3 வெள்ளி

சிலுவைப்பாதை. வேலை இல்லை, வெள்ளிக்கிழமை காரைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடு.

முடிய பங்குச் சுவாமியிடம் தனியே கேட்டேன். செய்தேனா இல்லையா என்று தெரியாத ஒன்றைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாமா என்று. எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை, ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

"தெரிஞ்சதைச் சொல்லுங்கோ அம்மா. தெரியாததைத் தேடிப் பாருங்கோ. தேடாமல் சுமக்காதேங்கோ."

தேடிப் பார்க்கலாம். வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். நாளைக்கு.

எனக்கு விளங்கியதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளை குழம்பாமல் இருக்க. கப்பி விளிம்பில் ஒரு வெட்டு. இஞ்சின் மூடியில் ஒரு முள். வெட்டு முள்ளுக்கு நேரே வரும்போது முதலாம் பிஸ்ரன் மேலே உச்சியில் நிற்கும். அதைப் பார்த்துத்தான் பொறி எப்போது விழவேண்டும் என்று வைப்பது. அதுதான் ரைமிங். சண்டையில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் இவர் பொறியைப் பிந்தி வைத்திருந்தார். இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது, அதனால் பெப்ரவரி 7 பின்னேரம் திரும்ப முந்தி வைத்தார். வெட்டைப் பார்த்து. அடுத்தநாள் காலை கை முறிந்தது.

பிஸ்ரன் மேலே வந்துமுடிய முன்னமே பொறி விழுந்தால் அது பிஸ்ரனைப் பின்னுக்குத் தள்ளும். ஹான்டில் திரும்பி அடிக்கும்.

அதற்கு முதல், ஜனவரி கடைசியில், கப்பி ஆட்டம் தாங்காமல் இவர் அந்த நட்டை இறுக்கினார். நான் றேடியேற்றரைத் தாங்கிக்கொண்டு நின்றேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

15.3 சனி

காற்று இல்லை. வேம்பு ஒரு இலை அசையவில்லை.

இவர் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். நல்லது.

பழைய கப்பியையும் அந்தத் தேய்ந்த கீயையும் திரும்பப் போட்டேன். நட்டைக் கையால் மட்டும். முதலாம் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் தென்னோலை ஈர்க்கு விட்டேன். ஹான்டிலை மெல்லச் சுற்ற ஈர்க்கு ஏறியது. ஏறி நின்ற இடம் ஒரு கோடு. இறங்கத் தொடங்கிய இடம் ஒரு கோடு. இரண்டுக்கும் நடு உச்சி. மூன்று தரம் பார்த்தேன், மூன்றும் ஒன்று. கிராங்கை அந்த இடத்தில் நிறுத்தி, கியர் போட்டு, சில்லுக்குக் கல்.

இப்போது கப்பியைக் கையால் திருப்பி வெட்டை முள்ளுக்கு நேரே வைத்தேன். சுண்ணாம்பால் அடையாளம். நட்டில் ஸ்பனரைப் போட்டு இறுக்கினேன்.

நட்டோடு சேர்ந்து கப்பியும் நகர்ந்தது.

ஈர்க்கு அசையவில்லை. கிராங் அசையவில்லை. கப்பி மட்டும், இறுக்குகிற பக்கமாக, மெல்ல. இறுகி நின்ற பிறகு பார்த்தால் வெட்டு முள்ளைத் தாண்டி என் சுண்டுவிரல் அகலம் முன்னுக்கு நிற்கிறது.

நட்டை இளக்கித் திரும்பச் செய்தேன். சுண்டுவிரல். மூன்றாம் தரமும் செய்தேன். சுண்டுவிரல்.

அதாவது ஜனவரியில் இவர் நட்டை இறுக்கியபோதே வெட்டு இடம் மாறிவிட்டது. பெப்ரவரி 7 இவர் பொறியை வைத்தது அந்தப் பிழையான வெட்டைப் பார்த்து, பிஸ்ரன் உச்சிக்கு வர முன்னமே அது முள்ளுக்கு நேரே வந்துவிடும். அவ்வளவு முந்திப்போன பொறிக்கு, சுவிச்சை எப்போது போட்டிருந்தாலும் அது அடித்தே இருக்கும். நான் போட்டிருந்தாலென்ன, சுவாமி போட்டிருந்தாலென்ன.

மட்கார்ட்டில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இரும்பு சுட்டது. எடுக்கவில்லை.

பிறகு கையைக் கழுவி அரிசி போட்டேன்.

16.3 ஞாயிறு

பூசை. மச்சாள் பக்கத்து வாங்கில் இருந்தா. சமாதானம் சொல்லும் நேரம் என் பக்கம் தலையை ஆட்டினா, அவ்வளவுதான்.

இவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று என்னையே கேட்டேன். அந்தக் கீ கடையில் வாங்கினதில்லை, கையால் அராவினது. 96இல் கொடிகாமத்தில் இடம்பெயர்ந்து இருந்தபோது ஒரு உதிரிச் சாமானும் கிடைக்காமல், சைக்கிள் கிராங் முளையை இவர் நாள் முழுக்க மாமரத்துக்குக் கீழே இருந்து அராவினார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். அதாவது என்ரை பிழை இல்லை என்று நான் சொல்கிற அதே வாயால் உங்கடை பிழை என்று சொல்ல வேண்டும். உடைந்த கையோடு இருக்கிற மனிதரிடம்.

உண்மைக்காகச் சொல்கிறேனா, வெல்வதற்காகச் சொல்கிறேனா. வெல்வதற்காகவும்தான். பொய் எழுதி என்ன.

நாளைக்குச் சொல்வது. ஒத்திவைப்பதில்லை.

17.3 திங்கள்

சொல்லியாயிற்று.

காலைத் தேத்தண்ணியோடு அந்தக் கீயைச் சோசரில் வைத்தேன். சீனிக்கட்டி இருக்கிற இடத்தில். இவர் இடக்கையால் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் அராவினது."

"ஓம்."

"ஒரு கிழமைக்கெண்டு போட்டனான்."

தேத்தண்ணி ஆறியது. நான் சனிக்கிழமை செய்ததை முதலிலிருந்து சொன்னேன், ஈர்க்கு, நட், சுண்ணாம்பு. எவ்வளவு நகருகிறது என்று மட்டும் கேட்டார். சுண்டுவிரல் என்றேன். தன் இடக்கைச் சுண்டுவிரலைப் பார்த்தார். ஓட்டுனவர், கணக்குப் போட எனக்கு எடுத்த நாட்கள் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

பிறகு சொன்னார்.

"நீர் நான் சொன்னாப் பிறகுதான் போட்டனீர். எனக்கு அண்டைக்கே தெரியும்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கினதும் கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகேன் மச்சாளுக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நான் சொல்லேல்லை. அவள் முந்திப் போட்டிட்டாளோ எண்டு அக்கா கேட்டவ. நான் பேசாமல் இருந்தனான்." கீயை மேசையில் வைத்தார். "முப்பது வருசம் ஓடினவனுக்கு ரைமிங் வைக்கத் தெரியேல்லை எண்டு சொல்லுவினம்."

ஐந்து கிழமை. கோயிலுக்கும் கிணற்றுக்கும் கடைக்கும் அதைச் சுமந்துகொண்டு போனேன். இவருக்குத் தெரியும்.

மன்னித்தேன் என்று எழுதப் பார்த்தேன். இன்னும் இல்லை. முதலில் கப்பி.

மத்தியானம்: புதுக் கப்பியின் பொந்திலிருந்த பெயின்ற் சுரண்டி முடித்தேன். ஓரங்கள் மட்டம்.

18.3 செவ்வாய். நவநாள் முடிவு

காலை ஏழுக்குத் தொடங்கினேன். வரிசையாக எழுதுகிறேன், இனி ஒருக்கால் செய்ய நேர்ந்தால்.

கிராங் மூக்கில் துளி ஒயில். ஒயில் சீல் விரலால் தடவிப் பார்த்தேன், கிழியல் இல்லை. கப்பிக் கழுத்திலும் ஒயில், சீலைக் கிழிக்காமல் போக.

கப்பியைப் பெரிய பானையில் கொதிநீரில் வைத்தேன், அரை மணித்தியாலம். இரும்பு சூட்டில் ஒரு மயிரளவு விரியும். துணியால் பிடித்துத் துடைத்து, கீயும் அது இருக்கிற உள்வெட்டும் நேர்பார்த்து, இரண்டு உள்ளங்கையாலும் தள்ளினேன். முக்கால்வாசி போனது. மிச்சத்தை நட்டால் இழுத்தேன், கால்வாசிச் சுற்று, நிறுத்தம், கால்வாசிச் சுற்று. சுத்தியல் எடுக்கவில்லை. தடவித்தான் ஏறியது. த. அண்ணைக்குச் சொல்ல வேண்டும்.

புது வாசர். நட் எவ்வளவு இறுக்குவது? புத்தகத்தில் எழுபது என்று போட்டிருக்கிறது. ஓரடி நீளக் கைபிடியில் எழுபது இறாத்தல் இழுவை என்று அர்த்தம். அதற்கென்று ஒரு ஸ்பனர் இருக்கிறதாம், இங்கே ஆரிடம்? ஆனால் இரண்டடிக் குழாயின் நுனியில் இழுத்தால் பாதி போதும், முப்பத்தைந்து இறாத்தல். கிலோவில் பதினாறு, கொஞ்சம் குறைவு. நிறுக்க மரியான் அண்ணையின் மீன் தராசு இருக்கிறது, கொக்கியில் தொங்குகிற வில் தராசு. இரவல் கேட்கப் போனேன்.

"உங்கடை மனிசன் சவிரியின்ரை காரை நிறுத்தோ விக்கப் போறியள்?"

கிலோ என்ன விலை போகும் என்று திருப்பிக் கேட்டேன். செதில் கழுவித் தந்தார், ஆனாலும் மணம்.

குழாய் நுனியில் கொக்கியைப் போட்டு நேர்கோணமாக இழுத்தேன். பத்து, பதின்மூன்று, பதினைந்து, பதினாறு காட்ட முன் நிறுத்தினேன். வெட்டைப் பார்த்தேன். முள்ளுக்கு நேரே. ஒரு நூலும் நகரவில்லை. ஈர்க்கு விட்டும் பார்த்தேன், உச்சியும் வெட்டும் ஒன்று. இந்தக் கப்பி வார்த்தவன் ஆரோ, அவனுக்கு நல்லது நடக்கட்டும்.

வாசர் காதை மடித்தேன்.

கிராங், விசிறி, டைனமோ மூன்றின் கப்பியும் ஒரே நேரில் நிற்கிறதா என்று நூல் பிடித்தேன். நிற்கிறது. ஒரு நெருப்புக்குச்சியை விளிம்போரம் வைத்துச் சுற்றிப் பார்க்க, இடைவெளி சுற்றிவர ஒரே அளவு. ஆட்டம் இல்லை. புதுப் பெல்ற் போட்டு, பெருவிரலால் அமர்த்த அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் பதிகிற அளவுக்கு டைனமோவைத் தள்ளிப் பூட்டினேன். றேடியேற்றர், ஆணிகள் கிண்ண ஒழுங்கில். மிச்சம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தோசம், ஒரு ஆணியும் மிச்சமில்லை.

இவர் பூவரசுக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் தெரியாது. நான் கூப்பிடவில்லை, அவரும் கிட்ட வரவில்லை.

19.3 புதன். சூசையப்பர் திருநாள்

பூசைக்கு முதல் பாவசங்கீர்த்தனம். இப்போது சொல்லத் தெரிந்தது: கோபம். ஆரோடு என்று சுவாமி கேட்டார். சொன்னேன். எத்தனை நாளாக என்றார். முந்தநாளிலிருந்து என்றேன். அதற்கு முதல் என்ன என்றார். அதற்கு முதல் பயம் என்றேன். ஒரு காரியம் மட்டும் தந்தார்: ஒரு வேலையை அவரோடு சேர்ந்து செய்து முடிக்கச் சொல்லி.

ரைமிங் மிச்சம் இருந்தது. எனக்கும் வைக்கலாம், புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் போய்ச் சொன்னேன், நீங்கள் வந்து வையுங்கோ என்று.

வந்தார். ஐந்து கிழமைக்குப் பிறகு பொனற்றுக்குள் குனிந்தார். முதலில் கப்பியைத்தான் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார், இடக்கையால், பலமாக. மூக்கால் மூச்சு விட்டார். நான் ஹான்டிலால் மெல்லச் சுற்றி வெட்டை அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினேன், முள்ளுக்கு ஒரு சின்னக் கணக்கு முன்னால். அவர் இடக்கையால் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பினார். சின்ன பல்ப் ஒன்று வயரில், பொறி விழுகிற இடம் காட்ட. எரிந்த இடத்தில் நிறுத்தி, "இறுக்கும்" என்றார். இறுக்கினேன். திரும்பச் சரிபார்த்தோம். திரும்பவும்.

அந்த நேரம் மச்சாள் வேலிக்கு அங்காலே. இரண்டு பேரும் சேர்ந்து காரோடு மினக்கெடுகிறார்கள், உலை வைக்கேல்லைப்போல என்று ஆருக்கோ சொல்கிற மாதிரிச் சொன்னா.

இவர் நிமிர்ந்தார்.

"அக்கா, இங்கை வா. பிழை என்ரை கீயிலை. ரைமிங் பிழைச்சுப் போச்சு. இவ நான் சொன்னாப் பிறகுதான் சுவிச்சைப் போட்டவ. ஆரும் கேட்டா அப்பிடியே சொல்லு."

மச்சாள் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றா.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, மூதேவி," என்று இவரைத்தான் பேசினா. என்னைப் பார்க்கவில்லை. மத்தியானம் ஒரு கோப்பை கணவாய்க்கறி வேலிக்கு மேலால் வந்தது. தவக்காலம் என்றாலும் திருநாள். சாப்பிட்டோம்.

கடுகும் சீரகமும் பிரித்து முடித்தேன்.

20.3 வியாழன்

விடிய நாலரைக்கு எழும்பினேன். மெல்லிய காற்று, தெற்கிலிருந்து, முதல் தரம்.

கொண்டுபோவது: கிளினிக் கொப்பி, எக்ஸ்றே, போத்தல் தண்ணீர், பாண், சம்பல். ஓட்டுவதற்குத் த. அண்ணை ஆறேகாலுக்கு வந்துவிட்டார். பண்ணைப் பாலத்தில் சனம் சேர முதல் போய்விட வேண்டும்.

த. அண்ணை ஹான்டிலை எடுக்கப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் இவரைப் பார்த்தார். இவர் கதவைத் திறந்து சீற்றில் ஏறி இருந்தார், பிளாஸ்ரர்க் கையை மடியில் வைத்து, இடக்கை சுவிச்சில். பெப்ரவரியில் நான் இருந்த இடம்.

ஹான்டில் பல்லில் கொளுவியது. கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், அமர்த்தக் கூடாது. முதலில் சுவிச் இல்லாமல் இரண்டு சுற்று. கனம், ஆனால் ஒழுங்கு.

"போடட்டோ?" கண்ணாடிக்கு உள்ளிருந்து.

"நான் சொன்னாப் பிறகு."

வேலியடியில் மச்சாள், கையில் செபமாலை. த. அண்ணை தள்ளி நின்றார், தேவைக்கு மேல் தள்ளி.

"பெருவிரல்," என்றார் இவர்.

பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம்தான் வைத்திருந்தேன், அடித்தால் கழன்றுவிட. இருந்தாலும் ஒருக்கால் குனிந்து பார்த்தேன்.

"போடுங்கோ."

இரண்டாவது இழுவையில் இஞ்சின் பிடித்தது.